அமாவாசைப் பாசி

எங்கள் வீட்டுக் கடல்மீன் தொட்டியில் பாசி பிடித்ததற்குக் காரணம் என் அம்மா. இப்போது சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். அந்தச் சமயத்தில் தண்ணீரைச் சந்தேகப்பட்டேன், விளக்கைச் சந்தேகப்பட்டேன், மீன் விற்ற கடைக்காரரைச் சந்தேகப்பட்டேன், ஜித்ராவில் இருக்கும் தம்பி வந்து தங்கிவிட்டுப் போனபோது அவனைக்கூட ஒருநாள் சந்தேகப்பட்டேன். பக்கத்திலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவரை மட்டும் சந்தேகப்படவில்லை.

பீடோங் என்ற சிறிய ஊரில் எங்களுக்கு வரிசை வீடு. நானும் அம்மாவும்தான். கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. வீட்டுக்கு வந்தும் அதையே செய்கிறேன் என்று அம்மா சொல்வார். சொல்லட்டும். முன் அறையில் ஒரு சுவர் முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கும் அந்தத் தொட்டியை யார் துணையும் இல்லாமல் நானே அமைத்தேன். பாறைகள், இரண்டு கோமாளி மீன்கள், கத்தரிப்பூ நிறத்தில் ஒரு முரட்டு மீன், வெளியே தலைகாட்டாத ஓர் இறால், விரல்விரலாக ஆடும் மென்பவளம். நன்னீர்த் தொட்டியில் தங்கமீன் வளர்ப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் இளக்காரம் உண்டு. கடலை வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றுவது வேறு வித்தை. எனக்கு அது வரும்.

அப்பா இறந்த பிறகு அம்மா ஒவ்வோர் அமாவாசைக்கும் விரதம் இருக்க ஆரம்பித்தார். காலையில் குளித்து, சைவமாகச் சமைத்து, அப்பாவின் படத்துக்கு முன்னால் படைத்து, பின்வாசல் சுவர்மேல் காகத்துக்குச் சோறு வைப்பார். காகம் வந்து ஒரு வாயாவது தின்ன வேண்டும். அதன் பிறகுதான் அம்மா சாப்பிடுவார். ரப்பர்த் தோட்டத்தில் தொழிலாளர் லயத்து வீட்டிலேயே இருந்திருந்தால் இதில் ஒரு சிக்கலும் இருந்திருக்காது. அங்கே காகங்களுக்குப் பஞ்சமில்லை. இப்போது இருக்கும் தாமான் குடியிருப்பில் காகமே கிடையாது. குப்பையைக் கிளறுகிறது, நோய் பரப்புகிறது என்று அவ்வப்போது நகராட்சி ஆட்கள் வந்து சுட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மிச்சம் இருந்தவையும் விவரமாக வேறு பக்கம் போய்விட்டன.

வருவது மைனா. அம்மாவுக்கு மைனா கணக்கில் வராது. சில மாதம் பக்கத்து வீட்டுப் பூனை வந்து நெய்ச்சோற்றை நக்கிவிட்டுப் போகும். அதைப் பார்த்துவிட்டால் அன்று முழுக்க அம்மா முகம் தொங்கிப் போயிருக்கும். பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீரோடு உட்கார்ந்திருப்பார்.

"அவரு பசியோட நிக்கிறாரும்மா. நான் எப்படி திங்கறது?"

வயதான உடம்பு. மயங்கி விழுந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். "அப்பா பேர சொல்லி நீங்களும் போய்ச் சேந்துருங்க" என்று கத்திவிட்டு அறைக்குள் போவேன். அம்மா அசைய மாட்டார்.

பிறகு ஓர் அமாவாசையன்று நான் வேலை முடிந்து வரும்போது அம்மா சாப்பிட்டுக் கை கழுவி, சாய்ந்து உட்கார்ந்து நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"காக்கா வந்துச்சா?"

"எல்லாம் வந்து சாப்பிட்டாச்சு" என்றார்.

நல்லது நடந்தால் நான் தோண்டித் துருவ மாட்டேன். விட்டுவிட்டேன். அடுத்த மாதமும் அப்படியே நடந்தது. எங்கோ ஒரு காகம் தப்பிப் பிழைத்து வந்திருக்கிறது என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

பாசி அதற்குப் பிறகுதான் வந்தது. முதலில் பின் கண்ணாடியில் லேசான பச்சைத் திட்டு. துடைத்தேன். பிறகு பாறைகளில் பச்சை முடி முளைத்தாற்போல் நீள நீளமாக வளர்ந்தது. பிடுங்கினேன். பிடுங்கப் பிடுங்க வளர்ந்தது. மணலின்மேல் கறுஞ்சிவப்பாக ஓர் ஆடை படர்ந்தது. உறிஞ்சி எடுத்தால் நாலு நாளில் மறுபடியும் வந்துவிடும், நாற்றம் வேறு. பவளம் விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டு சுருங்கிவிட்டது.

எனக்குத் தோற்கப் பிடிக்காது. தோற்றுப் பழக்கமும் இல்லை. முதலில் என் சந்தேகம் தண்ணீர்மேல் விழுந்தது. தஞ்சோங் டாவாயிலிருந்து வேன்காரர் ஒருவர் கடல்நீர் கொண்டுவந்து தருவார். ஆறு கடலில் கலக்கும் இடம் அது. மேலே செம்பனைத் தோட்டங்களிலும் நெல் வயல்களிலும் உரம் போட்டு, அதன்மேல் ஒரு மழை அடித்தால் அத்தனையும் ஆற்றோடு வந்துவிடும். உரம் தின்றால் பாசி கொழுக்காமல் என்ன செய்யும்? வேன்காரரை நிறுத்திவிட்டேன். உப்புத்தூள் வாங்கி, வடிகட்டிய நீரில் நானே கலந்தேன். சோதனைக் குப்பியில் அந்த நீர் பளிங்காக நின்றது. தொட்டி நீரைச் சோதித்தால் மறுபடியும் உரச்சத்து ஏறியிருக்கும். உள்ளே போவது சுத்தம், இருப்பது அழுக்கு.

விளக்கு எரியும் நேரத்தைக் குறைத்தேன். வெயில் விழும் சன்னலுக்குக் கறுப்புத் திரை போட்டேன். பாசி மேயும் நத்தைகளை வாங்கி விட்டேன். விடுமுறை நாட்களில் பழைய பல்துலக்கியோடு உட்கார்ந்து பாறை பாறையாகத் தேய்த்தேன். தம்பி வீடியோவில் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"என்னாக்கா, தொட்டியில நெல்லு நட்டுட்டியா? ஜித்ராவுல எங்க வயல்ல கூட இவ்ளோ பச்ச இல்ல."

"நீ போன வாரம் வந்தப்ப ஏதாச்சும் போட்டியா?"

"நான் ஏன் போடறேன்? அந்த மீனுங்க என்ன கண்டாலே முறைக்குது லா."

மீன்களுக்குத் தீனியையும் குறைத்தேன். காலையில் ஒரு சிட்டிகை, அவ்வளவுதான். "பாவம், ஒட்டிப் போச்சு" என்று அம்மா முணுமுணுத்தார். "அளவா போட்டாத்தான் தண்ணி நல்லா இருக்கும்" என்றேன். அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். அந்தச் சொல் அவரை எங்கே போய்க் குத்தியது என்று எனக்கு அப்போது தெரியாது.

அப்பாவின் வருடத் திதி வந்தது. அன்றைக்குப் படையல் பெரிதாக இருக்கும். அமாவாசைக்குத்தான் சைவம். திதிக்கு அவருக்குப் பிடித்ததெல்லாம் வரும். ஆட்டுக்கறி, பொரித்த நெத்திலி, உளுந்து வடை, ஒரு சிகரெட், ஒரு பாட்டில் ஸ்டவுட் பீர். எனக்கு அன்று விடுப்பு கிடைக்கவில்லை. காலையில் கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போனேன். மத்தியானம் அம்மா கைபேசியில் அழைத்தார். என் வேலை நேரத்தில் அவர் அழைப்பதே இல்லை.

"வீட்டுக்கு வாம்மா. மீனெல்லாம் மூச்சு வாங்குது."

அவசர விடுப்பு சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை விரட்டிக்கொண்டு வந்தேன். தொட்டி சோறு வடித்த கஞ்சியாக, மேலே நுரை கட்டிப்போய் இருந்தது. பாறைகூடச் சரியாகத் தெரியவில்லை. மீன்கள் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தன. ஒரு கோமாளி மீன் மூலையில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. கலந்து வைத்திருந்த உப்புநீர் பீப்பாய்களில் இருந்தது. காற்றுக் குழாய் இரண்டை உள்ளே தள்ளினேன். பாதிக்கு மேல் பழைய தண்ணீரை வாசலுக்கு இறைத்துவிட்டு, புதியதை ஊற்றினேன். பழைய தண்ணீரை உறிஞ்சும்போது குழாயில் வந்தது என்ன தெரியுமா? சோற்றுப் பருக்கை. வடைத் துணுக்கு. பாறை இடுக்குகளில் அடைந்து, அழுகி, பஞ்சு பூத்துப் போன சோறு, கைப்பிடி கைப்பிடியாக.

திரும்பிப் பார்த்தேன். அம்மா சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். முந்தானை வாயில்.

"நீங்கதானா?"

தலையை ஆட்டினார்.

"எத்தன நாளா?"

"அந்த அமாவாசையில இருந்து. காக்காதான் வரலியே. அன்னிக்குச் சும்மா ஒரு உருண்ட போட்டுப் பாத்தேன். இந்த ஆரஞ்சு மீனு ஓடி வந்துச்சு. வாயில வாங்கிச்சு. உங்கப்பாவும் அப்படித்தான், தட்டு வெக்கிறதுக்குள்ள கைய நீட்டுவாரு."

வாங்கியிருக்கும். வாங்கித் துப்பியிருக்கும். துப்பியது பாறைக்குள் விழுந்து மட்கி உரமாகியிருக்கும். இதைச் சொல்ல வாயெடுத்தவள், இன்னும் அடங்காத நுரையைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

"இன்னிக்கு என்ன போட்டீங்க?"

"சோறு. வடை கொஞ்சம். அப்புறம்..." அம்மா குரல் உள்ளே போனது. "ஒரு மூடி ஸ்டவுட்."

எனக்கு மூக்குக்கு மேல் வந்தது கோபம். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளைப் பல்துலக்கியோடு கழித்தேன்! "கடல்தண்ணியில யாராச்சும் ஸ்டவுட் ஊத்துவாங்களா? அறிவு வேணாம்? நான்தான் சொன்னேனே, எதுவா இருந்தாலும் அளந்து போடணும்னு!"

அம்மா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. நேராக என்னைப் பார்த்தார்.

"அளந்துதான போட்டேன் அவருக்கு. இனிப்புநீரு, கிட்னி போயிருச்சு, ஒரு கரண்டி சோறுதான்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. ஒரே ஒரு கரண்டி. இன்னும் கொஞ்சம் போடேன்னு கேப்பாரு. நான் சட்டிய மூடிருவேன். பால்மரம் வெட்டுன ஆளு, மூட்ட தூக்குன ஆளு, சோத்துக்குக் கெஞ்சுனாரு. கடைசி நாளு காலையிலயும் கேட்டாரு."

"நீங்க அளந்து போட்டதாலதாம்மா அத்தன வருஷம் இருந்தாரு."

"இருந்தாரு. பசியோட இருந்தாரு."

நான் ஈரக் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா போன துக்கத்தை நான் என் வழியில் தொட்டியைக் கட்டி ஆற்றிக்கொண்டேன். அம்மா என்ன செய்துகொண்டிருந்தார் என்று நான் பார்க்கவே இல்லை. அம்மா மெல்ல வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, சாய்ந்து கிடந்த மீனைக் காட்டினார்.

"அது செத்துருமா?"

அந்தக் கேள்விக்குள் இருந்த பயம் மீனைப் பற்றியது அல்ல. "சாகாது. நான் விட மாட்டேன்" என்றேன். வீம்புக்குச் சொன்னதுதான். ஆனால் சாகவில்லை. நுரை அடங்கி, தண்ணீர் தெளிந்து, மறுநாள் மாலைக்குள் அது நிமிர்ந்து நீந்தியது.

எனக்கு வேண்டியது என்னவென்று உட்கார்ந்து யோசித்தேன். பாசி ஒழிய வேண்டும், சோறு தொட்டிக்குள் போகக் கூடாது. அதே சமயம் அமாவாசையன்று அம்மா கண்முன்னால் ஏதோ ஒன்று வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் அவர் சாப்பிட மாட்டார். பட்டினி போட்டுப் பாசியைக் கொல்வதுதான் இதுவரை என் வழி. அதைத் திருப்பிப் போட்டால் என்ன? தின்பதற்கு ஆள் வைத்தால்? நத்தைகள் போதாது, அவை திங்கும் வேகத்துக்கு அம்மாவின் பொறுமை தாங்காது. பெரிய வாய் வேண்டும்.

சுங்கைப்பட்டாணியில் நான் வழக்கமாகப் போகும் மீன்கடை அண்ணனிடம் போய் நின்றேன். தமிழ் முஸ்லிம், என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"அண்ணே, பாசி திங்கற மஞ்சள் மீனு போன மாசம் வெச்சிருந்தீங்களே, இருக்கா?"

"இருக்கு தங்கச்சி. ஆனா முதுகு முள்ளுல விஷம். கைய விட்டுறாத. நாளு பூரா மேயும், நீ தனியா ஒன்னும் போட வேணாம்."

பையைத் திறந்து காட்டியதும் அம்மாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. உள்ளங்கை அகலத்தில் மஞ்சள் உடம்பு, நீண்ட மூஞ்சி.

"இது டெங்கிஸ் சாதி லா. பாசார்ல கிலோ கணக்குல கிடக்குது. கொழம்பு வெக்கிற மீனப் போய் உயிரோட வாங்கியாந்திருக்க?"

"கொழம்பு வெச்சீங்க, அப்புறம் நான் பேச மாட்டேன்."

தொட்டியில் விட்டதும் ஒரு பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. உடம்பில் பழுப்புத் திட்டுகள் ஏறி, அழுக்குத் துணி மாதிரி ஆகிவிட்டது. அம்மா உதட்டைப் பிதுக்கினார். அடுத்த நாள் வெளியே வந்தது. வந்ததும் நேராகப் பாசியில் வாய் வைத்தது. ஒரு பிடி பற்றி, தலையை ஒரு வெட்டு வெட்டி, பிடுங்கி, மென்றது. பிறகு இன்னொரு பிடி. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ரசித்தேன். என் எதிரியை யாரோ எனக்காக அடித்துத் துவைப்பது போலச் சந்தோஷம்.

அமாவாசை வந்தது. அன்று நான் முன்கூட்டியே விடுப்பு எடுத்திருந்தேன். அம்மா படைத்து, கும்பிட்டு, சோற்று உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் வந்து நின்றார். என் முகத்தைப் பார்த்தார். போடவில்லை. போட்டுவிடுவாரோ என்று பயந்தாலும் நான் தடுக்கவில்லை.

"அம்மா, இந்தப் பாசி எங்க இருந்து வந்துச்சு?"

"தண்ணியில இருந்து."

"இல்ல. நீங்க இத்தன மாசமா போட்ட சோத்துல இருந்து. உங்க சோறுதான் கரைஞ்சு பாசியா நிக்குது. அதத்தான் இது திங்குது."

சமாதானத்துக்காக இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. உண்மையே அதுதான். அம்மா குனிந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். மஞ்சள் மீன் எங்களைச் சட்டை செய்யாமல் பிடுங்கிப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தது.

"எவ்ளோ வேணா திங்கலாமா இது?"

"எவ்ளோ வேணாலும்."

"அளவு?"

"அளவெல்லாம் இல்லம்மா. திங்கத் திங்கத்தான் தொட்டிக்கு நல்லது."

அம்மாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது, வாயோ சிரித்தது. "கீரைய வெச்சா தட்டையே தள்ளி விட்டுருவாரு மனுஷன். இப்ப பாரு" என்றார். சோற்று உருண்டையைப் பின்வாசலில் மைனாவுக்கு வைத்துவிட்டு வந்து, இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். எனக்கும் பரிமாறினார்.

அதற்குப் பிறகு பாசி தாக்குப்பிடிக்கவில்லை. மேலே மீன் மேய்ந்தது, கீழே நான் மணலை உறிஞ்சிச் சுத்தம் செய்தேன், வாரா வாரம் தண்ணீர் மாற்றினேன். சோறு விழாத தண்ணீரில் சோதனைக் குப்பியும் நிறம் மாறவில்லை. சிவப்பு ஆடை மறைந்தது. பவளம் மறுபடியும் விரல் விரித்தது. பாறைகள் வாங்கிய நாளில் இருந்ததுபோல ஊதாவாக மின்னின. தம்பிக்குப் படம் அனுப்பி, "பாத்தியாடா?" என்று கேட்டேன். வேறொருத்தியாக இருந்தால் அடக்கமாக இருந்திருப்பாள். எனக்கு அது தேவைப்படவில்லை.

ஜெயித்ததில் ஒரு சங்கடம் இருந்தது. பாசி தீர்ந்துவிட்டது. மஞ்சள் மீன் வெறும் பாறையைக் கொத்திப் பார்த்துவிட்டு அலைந்தது. வயிறு ஒட்டியது. அம்மா தொட்டியைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். கடையில் மீனுக்கென்று காய்ந்த கடற்பாசித் தாள் விற்பார்கள். வாங்கி வந்து ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தேன். மீன் பாய்ந்து தின்றது. அம்மா மட்டும் ஏற்றுக்கொள்ளவில்லை.

"மத்த நாளைக்கு நீ எத வேணா குடு. அமாவாசைக்குக் கடையில வாங்குனத வெப்பாங்களா? நம்ம கையால ஆக்கித்தான் வெக்கணும்."

நியாயம்தான். அதனால் இப்போது எங்கள் பின்வாசலில், முன்பு காகத்துக்குச் சோறு வைத்த சுவருக்குக் கீழே, அகலமான ஒரு பிளாஸ்டிக் தொட்டி இருக்கிறது. நல்ல வெயில் படும் இடம். மீன்தொட்டியிலிருந்து மாற்றி எடுக்கும் பழைய தண்ணீரை அதில் ஊற்றி, சின்னச் சின்னக் கற்களைப் போட்டு வைத்திருக்கிறோம். பார்த்துக்கொள்வது அம்மா. மழை வந்தால் மூடுவார், வெயில் வந்தால் திறப்பார். எனக்குத் தெரியாமல் அரிசி கழுவிய தண்ணீர் ஒரு கரண்டி விடுகிறார் என்பதும் எனக்குத் தெரியும். விடட்டும், பாசி அதில் கொழிக்கிறது. பல்துலக்கியோடு பாசியை விரட்டிய நான்தான் வேலைக்குக் கிளம்பும் முன் குனிந்து, எந்தக் கல் நன்றாகப் பச்சை கட்டியிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன். "இது இன்னும் வேகல" என்பார் அம்மா, அடுப்பில் வைத்ததைச் சொல்வதுபோல.

போன அமாவாசைக்கும் அம்மா குளித்துவிட்டு ஈரத் தலையோடு கல்லைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்தார். இருப்பதிலேயே அடர்த்தியான கல். முள் படாமல் இருக்க அதை நீளமான இடுக்கியில் பிடித்துத் தொட்டிக்குள் இறக்கினார். அது அடியில் போய் உட்காருவதற்குள் மஞ்சள் மீன் வந்துவிட்டது. அவசர அவசரமாகப் பிடுங்கியது. அம்மா கண்ணாடியில் கை வைத்துக்கொண்டு குனிந்தார்.

"மெதுவா சாப்பிடுங்க" என்றார். "பின்னால இன்னும் நிறைய இருக்கு."